கிளைக்கதையும் நம் கிளைஞரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், தவக்காலத்து மாலை வேளைகளில், எடமலைப்பட்டி புதூரில் நாங்கள் சிலர் ஒன்றுகூடித் திருப்பாடுகளின் நாடகம் ஒன்றை ஒத்திகை பார்த்து வந்தோம். நாடகப் பிரதியை எழுதும் பொறுப்பு எம்முடையது. மூன்று மணி நேரத்திற்கு நீண்டிருந்த அதனை இரண்டு மணி நேரத்திற்குள் அடக்கவேண்டிய நிலை வந்தது. சிவப்பு மைப் பேனாவுடன் அமர்ந்தோம். பிலாத்துவின் நெடிய உரையாடல்களைத் தொட மனம் வரவில்லை. அவை நாமே சுவைத்துச் சுவைத்து எழுதியவை. ஏரோதின் அரசவையையும் விட்டுவைத்தோம். அதற்கென உடைகளை வாடகைக்குப் பேசி முடித்திருந்தார்கள். இறுதியில் கோடு விழுந்தது சிரேன் ஊர்ச் சீமோன்மீது. கதையின் போக்கிற்கு அவர் இன்றியமையாதவர் அல்லர் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

அந்த வேடத்தை ஏற்றிருந்தவர் கட்டட வேலைக்குச் செல்லும் ஓர் இளைஞர். பகல் முழுவதும் செங்கல்லும் மணலும் சுமந்துவிட்டு, குளித்து முடித்து, நேரம் தவறாமல் ஒத்திகைக்கு வந்துவிடுவார். அவருக்கு இருந்த வசனம் ஒன்றே ஒன்று. செய்தியைச் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது. “சரிங்கண்ணே, சிலுவையத் தூக்கிட்டு வந்து வைக்கவாச்சும் நான் இருக்கேன்” என்றார். அப்படியே செய்தார். நாடக நாளன்று அந்தக் கனத்த மரச்சிலுவையைத் தோளில் சுமந்து திரைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தவர் அவர்தாம். மேடையிலிருந்து நாம் நீக்கிய சீமோன், திரைக்குப் பின்னால் தம் பணியைச் செய்துகொண்டிருந்தார்.

அன்றுமுதல் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. கதையிலும் நாடகத்திலும் கிளைக்கதை எதற்காக? அதை வெட்டினால் மூலக்கதை எதை இழக்கிறது? எந்தக் கிளையை வெட்டலாம், எதை வெட்டலாகாது என்று அறிவதற்கு அளவுகோல் ஏதேனும் உண்டா?

சொல் தரும் பொருள்

‘கிளை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் மரம்தான் தோன்றுகிறது. அடிமரம் ஒன்று, அதிலிருந்து பிரிவது கிளை. கிளையை வெட்டினாலும் மரம் நிற்கும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் நம் முன்னோர் இச்சொல்லை மற்றொரு பொருளிலும் ஆண்டனர். கிளை என்றால் சுற்றம், உறவு. உறவினர் கிளைஞர் எனப்பட்டனர். வள்ளுவரும் நட்பாராய்தல் அதிகாரத்தில் கிளைஞர் என்ற சொல்லைக் கையாள்கிறார்.

இப்பொருளில் நோக்கினால் கிளைக்கதை என்பது உறவுக்கதை. வேறொருவர் வீட்டில் நிகழ்ந்தாலும் மூலக்கதையோடு இரத்த உறவு உடைய கதை. உறவு என்றால் வந்து போகும் விருந்து மட்டுமன்று. உறவுக்காக நாம் சிலவற்றை இழக்கிறோம். நேரத்தை, பொருளை, சில வேளைகளில் நம் திட்டத்தையே இழக்கிறோம். எனவே நாம் முன்வைக்கும் அளவுகோல் இதுதான்: மூலக்கதை தன்னிடமிருந்து ஏதேனும் ஒன்றை இழந்து கிளைக்கதைக்கு இடம் தருகிறதா? அந்த இழப்பிற்குப் பின் அது பழைய கதையாகவே தொடர முடியாத நிலைக்கு வருகிறதா? இரண்டிற்கும் ‘ஆம்’ என்று விடை கிடைத்தால், அக்கிளை உயிருள்ள கிளை.

திருவரங்கத்தில் எழுந்த வழக்கு

இக்கேள்வி நம் ஊருக்குப் புதியதன்று. காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றால், தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபத்தைக் காணலாம். கம்பர் தம் இராமாயணத்தை அங்கே அரங்கேற்றினார் என்பது மரபு. அப்போது ஒரு கிளைக்கதையைப் பற்றி வழக்கு எழுந்ததாகவும் அம்மரபு சொல்கிறது. யுத்த காண்டத்தில் வரும் இரணியன் வதைப் படலம் வான்மீகியின் நூலில் இல்லை. மூலத்தில் இல்லாததை இடையில் நுழைப்பது முறையா என்று கற்றோர் தடை எழுப்பினார்களாம். அருகில் உள்ள மேட்டு அழகிய சிங்கர் சந்நிதியிலிருந்து நரசிங்கப் பெருமாள் தலையசைத்து அதனை ஏற்றுக்கொண்டார் என்று கதை முடிகிறது.

இது வைணவ அன்பர்கள் போற்றும் மரபு. அதில் அடங்கியுள்ள இலக்கிய வழக்கு நம் அனைவருக்கும் உரியது. அவ்வழக்கை நம் அளவுகோல் கொண்டு பார்ப்போம்.

இரணியன் கதையைக் கம்பர் யார் வாயில் வைத்தார்? வீடணன் வாயில். யாரிடம் சொல்ல வைத்தார்? இராவணனிடம். போர் மூளும் நேரம், மந்திராலோசனை நடக்கிறது. அந்த அவசரத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்குக் காப்பியம் நின்றுவிடுகிறது. தன்னையே கடவுளாக எண்ணிய தந்தையையும், அவனை எதிர்த்து நின்ற மகனையும் பற்றித் தம்பி அண்ணனுக்கு எடுத்துரைக்கிறான். எச்சரிக்கையாகச் சொல்லப்பட்ட அக்கதையை இராவணன் எப்படிக் கேட்டான்? தந்தையின் மார்பு பிளக்கப்பட்டதைக் கண்டு மகிழ்ந்த மகனுக்கும், பகைவனோடு நட்புக்கொள்ளும் உனக்கும் என்ன வேற்றுமை என்று தம்பிமீது பாய்ந்தான். ஒரே கதை, சொன்னவன் நோக்கில் மீட்பின் கதை, கேட்டவன் நோக்கில் துரோகத்தின் கதை. அடுத்து வருவது வீடணன் அடைக்கலப் படலம். அண்ணனும் தம்பியும் பிரிந்துவிடுகிறார்கள். அதன்பின் மீண்டும் சேரவே இல்லை.

கம்பர் நுழைத்த கிளையை வெட்டிவிட்டாலும் வீடணன் பிரிந்துதான் போவான், வான்மீகியிலும் பிரிகிறான். ஆனால் அப்பிரிவின் உள்வலி நமக்குக் கிட்டாது. உறவை விடுவதா, உண்மையை விடுவதா என்ற கேள்வி பிரகலாதன் வீட்டில் ஒருமுறை எழுந்து, பின்பு இலங்கை அரண்மனையில் மறுமுறை எழுகிறது. இரு வீடுகளும் கிளைஞர் வீடுகள். அரங்கேற்றத்தில் தடை சொன்னோர் மூலநூலில் உண்டா என்று கேட்டனர். மூலக்கதைக்கு உறவா என்று கேட்டிருந்தால், தலையசைக்க அவர்களே முன்வந்திருப்பார்கள்.

குளத்தூரார் நட்ட மரம்

காப்பியத்திலிருந்து உரைநடைக்கு வருவோம். தமிழின் முதல் நாவலை எழுதியவர் நம் திருச்சிராப்பள்ளிச் சீமையின் குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில், 1826-ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் பிள்ளை என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, பின்னர் மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கியவர் அவர். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்க எழுதியதாக அவரே முன்னுரையில் கூறும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது.

பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நாம், அந்நூலை முழுமையாகப் படிக்கிறோமா? படித்தவர்களில் பலர் கூறும் குறை ஒன்று உண்டு: கிளைக்கதைகள் மிகுதி. பாத்திரங்கள் வாய் திறந்தால் ஒரு கதை சொல்லாமல் ஓய்வதில்லை. பிரதாபனும் ஞானாம்பாளும் என்ன ஆனார்கள் என்று அறியத் துடிக்கும் வாசகரை ஆசிரியர் ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி ஓர் அறவுரைக் கதையைக் கையில் கொடுக்கிறார்.

இக்குறையில் உண்மை உண்டு. ஆசிரியர் நம்மவர் என்பதற்காக அதை மறைக்கவேண்டியதில்லை. அக்கதைகளில் பல, ஒரு நீதியை விளக்கிவிட்டு விடைபெறுபவை. அவற்றைக் கேட்டபின் பிரதாபன் வேறு மனிதனாவதில்லை. அடுத்த அத்தியாயம் எதையும் இழப்பதில்லை. கூடத்தில் அமர்ந்து பலகாரம் உண்டுவிட்டுச் செல்லும் விருந்தினர் போன்றவை அவை. சுவையுண்டு, உறவு இல்லை.

ஆனால் அதே நூலில் ஒரு கிளை வேறு வகையானது. பிரதாபன் செல்வர் வீட்டுப் பிள்ளை. அவன் செய்யும் தவறுகளுக்கு ஆசிரியரிடம் அடிபடுகிறவன் அவனோடு படிக்கும் ஆசிரியர் மகன் கனகசபை. சிரிப்பூட்டும் நிகழ்ச்சியாகவே தொடங்கும் இக்காட்சியில், நாவலின் அடிமரம் முதன்முறையாக நடுங்குகிறது. ஒருவன் குற்றம் செய்கிறான். வேறொருவன் முதுகில் பிரம்பு விழுகிறது. கதைத் தலைவன் கதைத் தலைவனாக வலம்வருவதற்கு ஓர் ஏழைச் சிறுவன் விலை கொடுத்திருக்கிறான். பாடுபடும் ஊழியனைப்பற்றி எசாயா நூலில் வாசித்து வளர்ந்த கத்தோலிக்க வாசகர் இதை வெறும் நகைச்சுவையாகக் கடந்து செல்ல முடியுமா? கனகசபை வந்தபின் பிரதாபனின் குறும்புகளை நாம் பழையபடி இரசிக்க முடிவதில்லை. அடிமரம் எதையோ இழந்துவிட்டது. எனவே இது உயிருள்ள கிளை.

இங்கே ஒரு மனக்குறையையும் பதிவு செய்கிறோம். நாவல் வளரும்போது, கனகசபை உண்மையில் செல்வந்தரான தேவராஜப் பிள்ளையின் மகன் என்பது தெரியவருகிறது. வாசகர் மகிழ்கிறார், நீதி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. ஆனால் ஏழை ஆசிரியரின் மகனாகவே அவன் இருந்திருந்தால் பட்ட அடிக்கு நீதி வேண்டாமா? பெரிய இடத்துப் பிள்ளை என்று தெரிந்த பிறகுதான் அவன் வலி கணக்கில் வருமா? இது வேதநாயகருக்கு மட்டும் உரிய பழக்கமன்று. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலிலும், பூத்தொடுத்துத் திருத்தொண்டு செய்யும் எளிய சேந்தன் அமுதன் முடிவில் அரசுரிமை உடையவன் என்று வெளிப்படுகிறான். கிளையில் இருப்பவரை மதிக்க வேண்டுமென்றால் அவரை அடிமரத்திற்கு ஏற்றியாக வேண்டும் என்ற எண்ணம் நம் கதைமரபில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கிளையில் இருந்தபடியே ஒருவர் மதிக்கப்படும் கதை அரிது.

மேடையில் கிளை

நாடகத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நூலை மூடிவைத்துவிட்டு நாளை படிக்கலாம். மேடைக்கு அந்த வசதி இல்லை. எனவே நாடக ஆசிரியரின் கிளைக்கதை ஒவ்வொரு நிமிடத்திற்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

1891-இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ இருவகைக் கிளைகளையும் ஒருங்கே காட்டுகிறது. நாடகத்தினுள் தனிப் பாட்டுக்கதையாக அமைந்த ‘சிவகாமி சரிதம்’ இனிமையானது; ஆங்கிலக் கவிஞர் கோல்டுசுமித்தின் கதைப்பாடல் ஒன்றைத் தழுவியது. அதனைத் தனியே எடுத்துப் படித்தாலும் சுவை குன்றாது. அதுவே அதன் குறையும் ஆகலாம். தனியே எடுக்கும்போது நாடகத்திற்கும் பெரிய காயம் ஏற்படுவதில்லை. மாறாக, மனோன்மணியின் தோழி வாணி நடராசன்மீது கொண்ட காதல் நாடகத்தோடு பின்னிப் பிணைந்தது. அமைச்சன் குடிலன் தன் மகன் பலதேவனுக்கு அவளை மணமுடிக்க முயல்கிறான். மன்னன் சீவகனோ குடிலனை நம்பியிருக்கிறான். நாட்டையே ஏமாற்றப் போகும் சூழ்ச்சி, முதலில் ஒரு பெண்ணின் திருமணத்தில் சிறு அளவில் தலைகாட்டுகிறது. தோழியின் கண்ணீரில் தெரிந்த உண்மையை அரசன் கண்டிருந்தால் கோட்டையில் தெரிந்த உண்மைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்திராது.

சேக்சுபியரின் ‘லியர் அரசன்’ நாடகமும் இதையே செய்கிறது. பெண்மக்களைத் தவறாக மதிப்பிட்ட லியரின் கதையோடு, ஆண்மக்களைத் தவறாக மதிப்பிட்ட குளாசுடரின் கதையைச் சேக்சுபியர் இணைத்தார். பின்னதை அவர் பிலிப் சிட்னியின் உரைநடைக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டார். அரசன் அறிவை இழக்கிறான்; குளாசுடர் கண்களை இழக்கிறான். இருவரும் புல்வெளியில் சந்திக்கும் காட்சியில் எது மூலக்கதை, எது கிளைக்கதை என்று நாம் கேட்பதையே மறந்துவிடுகிறோம்.

நம் திரைப்படங்களில் நெடுங்காலம் இருந்துவந்த தனி நகைச்சுவைப் பகுதியை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தனியே எழுதி, தனியே படம்பிடித்து, பின்னர் இடையில் சேர்க்கப்பட்ட பகுதிகள் பல. அவற்றில் தனித்திறன் படைத்த கலைஞர்கள் விளங்கினர்; சிலர் சிரிப்போடு சீர்திருத்தத்தையும் விதைத்தனர். ஆயினும் அப்பகுதியில் வரும் வேலைக்காரரும் சமையற்காரரும் வண்டியோட்டியும் கதைத் தலைவனின் வாழ்வைத் தொடாமலே சிரிக்க வைத்துவிட்டுச் செல்வதுதான் வழக்கம். ஒரே படத்தில் இரு உலகங்கள், நடுவே சுவர்.

வழியில் நின்ற ஆண்டவர்

சுவரை இடித்த கிளைக்கதை ஒன்றை நாம் ஆண்டுதோறும் திருவழிபாட்டில் கேட்டிருப்போம். கதை என்ற கோணத்தில் நோக்கியிருக்க மாட்டோம். மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம். தொழுகைக்கூடத் தலைவர் யாயிர், சாகும் தறுவாயில் இருக்கும் தம் மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறார். இயேசு புறப்படுகிறார். மூலக்கதை விரைகிறது, ஒவ்வொரு நொடியும் விலைமதிப்பற்றது. அந்நேரம் பார்த்து, 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்தினூடே வந்து அவரது ஆடையைத் தொடுகிறார். நலம் பெறுகிறார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இயேசு நிற்கிறார்; தொட்டவர் யார் என்று தேடுகிறார்; அவர் நடந்த அனைத்தையும் சொல்லும்வரை கேட்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்தி வருகிறது: சிறுமி இறந்துவிட்டாள்.

மூலக்கதை கொடுத்த விலையைப் பாருங்கள்! யாயிரின் நிலையில் நம்மை வைத்துப் பார்த்தால் அந்தத் தாமதத்தை மன்னிப்பது எளிதா? இங்கே நற்செய்தியாளர் இரு குறிப்புகளை வைக்கிறார். சிறுமிக்கு வயது 12. அப்பெண்ணின் துன்பமும் 12 ஆண்டு. ஒருத்தி பிறந்த ஆண்டில் மற்றவரின் வேதனை தொடங்கியிருக்கிறது. மேலும், பெயர்கூடச் சொல்லப்படாத அப்பெண்ணை இயேசு ‘மகளே’ என்று அழைக்கிறார். ஒரு தந்தை தம் மகளுக்காக மன்றாடி நிற்கும் இடத்தில், எவரும் மன்றாடாத ஒருவருக்கு மகள் என்ற உறவு கிடைக்கிறது. கிளை கிளைஞர் ஆகிறது. சிறுமியும் எழுகிறாள், ஆனால் இனி அவள் நோயிலிருந்து நலம் பெற்றவள் அல்லள், சாவிலிருந்து எழுந்தவள். கிளைக்கதைக்காக நின்றதால் மூலக்கதையே மாறிவிட்டது.

இந்த மரபை நன்குணர்ந்தவர் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர். எகிப்து நோக்கிய பயணத்தினிடையே பழைய ஏற்பாட்டு வரலாறுகளைக் கிளைகளாகப் பரப்பியது ‘தேம்பாவணி’யின் ஒரு சிறப்பு. அதைவிடப் பெரிய துணிவு ஒன்று அவரிடம் உண்டு. நற்செய்திகளில் ஒரு சொல்லேனும் பேசாதவர் புனித சூசையப்பர். கிளைக்கும் கிளையாக நின்ற அந்தத் தச்சரை, வளன் என்னும் பெயரில், 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட காப்பியத்தின் தலைவராக்கினார் முனிவர். சூசையப்பர் அரசர் மரபினர் என்பதை மறவாமல் பாடினாலும், அவர் கையிலிருந்து உளியை வாங்கிவிடவில்லை.

மீண்டும் சீமோன்

சிரேன் ஊர்ச் சீமோனுக்கு நற்செய்தி ஒதுக்குவது ஓரிரு வரிகள்தாம். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர், சிலுவை சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர். ஆயினும் அவ்வளவு சுருக்கமாக எழுதும் மாற்கு, அவர் அலக்சாந்தர், ரூபு என்போரின் தந்தை என்று குறிக்க மறக்கவில்லை. மீட்பு வரலாற்றின் உச்சத்தில், வழியே வந்த ஒருவரின் பிள்ளைகளுடைய பெயருக்கு இடம் இருந்தது. எம் நாடகத்தில்தான் இடம் இல்லாமற்போயிற்று.

அடுத்து வந்த தவக்காலத்தில் பிரதியை மீண்டும் கையிலெடுத்தோம். பிலாத்துவின் உரையில் பாதியை அடித்தோம். ஏரோதின் அவையைச் சுருக்கினோம். சீமோனுக்கு உரிய காட்சியைத் திரும்ப எழுதினோம். இம்முறை இயேசு அவரை ஏறெடுத்து நோக்கும் ஒரு கணத்தையும் சேர்த்தோம். பின்பு அந்த இளைஞரைத் தேடினோம். அவர் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள். வேறொருவர் அந்த வேடத்தில் நடித்தார்; நன்றாகவே நடித்தார். ஆயினும் அந்தக் காட்சி மேடையேறும்போதெல்லாம், திரைக்குப் பின்னால் சிலுவையை இறக்கிவைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்ற முகம் நம் கண்முன் வருகிறது.

வெட்டவேண்டிய கிளைகள் உண்டு, அதை மறுக்கவில்லை. வெறும் நீதியைச் சொல்லிச் செல்வதும், நேரத்தை நிரப்பச் சேர்ப்பதும், சிரிக்க வைப்பதற்காக மட்டும் எளியோரை அழைத்துவந்து அனுப்பிவிடுவதும் நூலுக்குச் சுமை. ஆனால் பேனாவை எடுக்குமுன் ஒரு கணம் நின்று, இவர் இந்தக் கதைக்கு உறவா என்று கேட்போம். உறவென்றால், மூலக்கதை சற்றுத் தாமதிக்கட்டும். யாயிரின் வீட்டிற்குப் போகும் வழியிலும் ஆண்டவர் நின்றாரே!